நம் வீட்டு மரியோ மெதுவாகத்தான் பாடினான்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு படத்தின் பின்னணி இசைக்காக என் பழைய டிவி கேம் பெட்டியை சாலிகிராமம் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய் ஒலிப்பதிவு செய்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக ஹார்மோனியம் வாங்குவது பற்றியும், வீட்டில் பாடிப் பதிவு செய்வது பற்றியும்தான் இந்தப் பகுதிக்குக் கேள்வி வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டியைப் பற்றித்தான். ஆகவே இந்த வாரம் முழுக்க அதுதான்.

1996இல் எங்கள் வீட்டு டிவியில் கேட்ட மரியோ மெட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது இணையத்தில் அதைப் போட்டால் வேகமாக ஓடுகிறது. யாராவது வேகத்தைக் கூட்டிவிட்டார்களா, என் நினைவுதான் பிசகா?
*வில்லிவாக்கம் வாசகர்*

உங்கள் நினைவில் பிசகே இல்லை. நீங்கள் கேட்டது மெதுவானதுதான். நானும் அதைத்தான் கேட்டேன்.

அந்த மெட்டை 1985இல் போட்டவர் கோஜி கோண்டோ. நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்காகப் போட்டார். ஜப்பான் டிவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். அந்தக் காலத்து கேம்கள் இந்த எண்ணிக்கையைத்தான் தாளமாக வைத்துக்கொண்டன. திரை ஒருமுறை மாறினால், ‘அடுத்த சுரம் வந்துவிட்டதா’ என்று ஒருமுறை பார்க்கும். நம் ஊர் டிவியோ பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50தான். நம் வீடுகளுக்கு வந்தது நின்டெண்டோ பெட்டியும் இல்லை, நம் டிவிக்கு ஏற்றபடி செய்த காப்பிப் பெட்டி. அதில் ஜப்பான் கேசட்டின் நகலைச் செருகி ஆடினோம். 60 அடி விழ வேண்டிய நேரத்தில் 50 அடிதான் விழுந்தது. அங்கே 50 நொடியில் முடிகிற மெட்டு இங்கே முழுசாக ஒரு நிமிடம் எடுக்கும்.

அப்படியானால் சுருதியும் இறங்கியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். இறங்கவில்லை. சுருதியைத் தீர்மானிக்கிற கடிகாரம் வேறு. காப்பி செய்தவர்கள் அதை ஜப்பான் பெட்டிக்கு மிக நெருக்கமாகவே வைத்தார்கள். தம்பூராவில் மணிக்காயைக் கொஞ்சம் நகர்த்தினால் வருகிற அளவுக்குத்தான் வித்தியாசம். காலப்பிரமாணம் மட்டும் விழுந்துவிட்டது. அதனால்தான் ‘அதே பாட்டுதான், ஆனால் ஏதோ இடிக்கிறது’ என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் ஒலிச் சிப்பில் மெட்டை வாசிப்பது சதுர அலை. அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது, எவ்வளவு நேரம் கீழே நிற்கிறது என்பதை வைத்து நாதம் மாறும். பாதிக்குப் பாதி என்றால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் உருண்டையாகக் கேட்கும். காலுக்கு முக்கால் என்றால் கொஞ்சம் கூர்மை, சீவாளி வைத்த வாத்தியம் மாதிரி. பல காப்பிச் சிப்புகளில் இந்த இரண்டும் இடம் மாறிப்போயிருந்தன. கூர்மையாக வர வேண்டிய இடத்தில் உருண்டை, உருண்டை வர வேண்டிய இடத்தில் கூர்மை.

1995இலிருந்து மூன்று வருடம் நான் ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில் எடுபிடியாக இருந்தேன். கோடை விடுமுறை வந்தால் படிக்கட்டு வரைக்கும் டிவி கேம் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மூடியைக் கழற்றினால் பெரிதாக ஒன்றும் இருக்காது. பச்சைப் பலகையின் நடுவில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு. சிப்பை வைத்து மேலே பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள். அந்தப் பொட்டு போய்விட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். மற்றபடி வருவதெல்லாம் ஜாய்ஸ்டிக் வயர் அறுந்தது, அடாப்டர் கருகியது, சுவிட்ச் ஆடுவது. பழுது பார்த்து முடித்ததும் மரியோவைப் போட்டுச் சோதிப்போம். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்த மெட்டு ஓடும். முதலாளி டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “அடியில உறுமுது பாரு, கெப்பாசிட்டரை மாத்து” என்பார். காதாலேயே ஒரு பெட்டியைப் பார்க்கலாம் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். பின்னால் கீபோர்டு புரோகிராமிங்குக்கு வந்தபோது எனக்கு அதுதான் மூலதனம்.

இப்போது வேலை செய்யும் படத்தில் 1997இல் பெரம்பூரில் நடக்கிற ஒரு காட்சி. பையன் ஹாலில் டிவி கேம் ஆடுகிறான். மெட்டை நானே போட்டேன். முதலில் கம்ப்யூட்டரில், அசல் ஜப்பான் சிப்பின் கணக்குப்படி செய்து கொடுத்தேன். இயக்குநர் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க வீட்டு சத்தம் இது இல்லையே சார்” என்றார். மறுநாள் அதே மெட்டை ஒரு கேசட்டில் ஏற்றி, என் பழைய பெட்டியில் செருகி ஓட்டினேன். வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தது, நாதம் இடம் மாறியது. அவர் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். படத்தில் இருக்கப்போவது அந்த டேக்தான்.

அசலைவிட நாம் கேட்டது மட்டம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கு கேம் மெட்டு என்று முதலில் காதில் விழுந்தது அந்த வேகத்தில்தான். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ யாரும் அதைப் பாதுகாத்து வைத்திருக்க மாட்டார்கள். நாம்தான் வைக்க வேண்டும்.

என் பேரன் எப்போது பார்த்தாலும் ‘கீச் கீச்’ என்று பழைய கேம் சத்தத்தில் பாட்டுக் கேட்கிறான். இதையெல்லாம் சங்கீதம் என்று சொல்லலாமா?
*மயிலாப்பூர் வாசகி*

தாராளமாகச் சொல்லலாம் அம்மா. கச்சேரி கேட்டுப் பழகிய உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். மேலே சொன்ன நின்டெண்டோ பெட்டியின் சிப்பில் மொத்தம் ஐந்து குரல். சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, வெறும் இரைச்சல் ஒன்று. ஐந்தாவது, பதிவு செய்த சின்னத் துணுக்கை மட்டும் ஒலிக்கும். வாய்ப்பாட்டும் வயலினும் சதுர அலைகள். அடியில் பேஸ் முக்கோணம். இரைச்சலைச் சின்னச் சின்னதாக வெட்டினால் தாள வாத்தியம். சின்ன மேடை, நாலைந்து பேர், எல்லோரும் சேர்ந்து ஒரு கச்சேரி செய்தாக வேண்டும்.

இதில் மேற்கத்திய பாணியில் மூன்று சுரத்தைச் சேர்த்து வாசிக்க வேண்டுமென்றால் குரல் போதாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே குரலை மூன்று சுரத்திலும் மாற்றி மாற்றி மின்னல் வேகத்தில் ஓடவிட்டார்கள். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பை வேகமாகச் சுற்றினால் நெருப்பு வட்டமாகத் தெரியும் அல்லவா, அதே வித்தைதான். உங்கள் பேரன் கேட்கும் பாட்டில் ‘கிலுகிலு’ என்று ஒரு நடுக்கம் வந்தால் அது இதுதான். அடுத்த முறை அவனோடு சேர்ந்து உட்கார்ந்து, அடியில் ஓடுகிற பேஸை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள்.

‘முஸ்தபா’ கேமின் உண்மையான பெயர் என்ன?
*புரசைவாக்கம் வாசகர்*

‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. கேப்காம் 1993இல் வெளியிட்டது. அதில் வருகிற நாலு வீரர்களில் ஒருவர் பெயர் முஸ்தபா கெய்ரோ. பையன்கள் எல்லோருக்கும் அவர்தான் வேண்டும், அதனால் கேமுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1996இல் ‘காதல் தேசம்’ வந்து ‘முஸ்தபா முஸ்தபா’ ஊரெல்லாம் ஒலித்தபோது, கேம் கடையில் காயின் போட்டுவிட்டு அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே ஆடினோம். இன்றைக்கும் எனக்கு ஒன்றைக் கேட்டால் மற்றது ஞாபகம் வரும்.

கேம் சத்தத்தைப் பாட்டில் முதலில் புகுத்தியது யார்? இப்போதைய டிஜே-க்கள்தானா?
*அண்ணா நகர் வாசகர்*

ரொம்பப் பழைய கதை தம்பி. ஜப்பானில் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்று மூன்று பேர் கொண்ட குழு. 1978இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் தொடங்குவதே கேம் சத்தத்தை சிந்தசைசரில் வாசித்துத்தான். அதே குழுவின் ஹருவோமி ஹொசோனோ 1984இல் நாம்கோ நிறுவனத்தின் கேம் இசையை மட்டும் வைத்துத் தனி ஆல்பமே தயாரித்தார். நடுவில் அமெரிக்காவில் ‘பேக்-மேன் ஃபீவர்’ என்ற பாட்டு 1982இல் பில்போர்டு பட்டியலில் 9ஆம் இடம் வரை போனது. எனக்கு அது பெரிதாகப் பிடிக்காது. கேமைப் பற்றிப் பாடுகிறதே தவிர, கேமின் ஒலியிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஜப்பான்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொள்ள அதில் என்ன இருக்கிறது என்பதற்கு, அதே 1978இல் டைட்டோ வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ போதும். பின்னணியில் நாலே நாலு சுரம், படியிறங்குவது போல. திரும்பத் திரும்ப அதேதான். எதிரிகள் குறையக் குறைய அந்த நாலு சுரம் வேகமெடுக்கும். ஆடுகிறவனின் நெஞ்சும் கூடவே வேகமெடுக்கும். தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் கணக்கு நெருங்க நெருங்க சபை நிமிர்ந்து உட்காருமே, அந்த உணர்வை நாலு சுரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். மரியோவிலும் நேரம் 100க்குக் கீழே போனதும் மெட்டு வேகமாகும். ஆடுபவரின் நிலைமைக்கேற்ப இசை மாற வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது.

எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களில் வரும் கண்ணாடி மணி போன்ற கீபோர்டு சத்தம் சேகா கேம்களிலும் கேட்கிறதே. என் கற்பனையா?
*நங்கநல்லூர் வாசகர்*

நல்ல காது உங்களுக்கு. இரண்டும் ஒரே வம்சம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவ்னிங் கண்டுபிடித்த எஃப்.எம். முறைக்கு (ரேடியோ இல்லை, ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து நாதம் உண்டாக்குவது) யமஹா உரிமம் வாங்கி 1983இல் டிஎக்ஸ்7 கீபோர்டாக வெளியிட்டது. கோடம்பாக்கத்துக்கும் அது வந்து சேர்ந்தது. 1988இல் வந்த சேகாவின் மெகா டிரைவ் கேம் பெட்டியில் இருப்பதும் யமஹாவின் எஃப்.எம். சிப்தான். கீபோர்டில் ஒரு நாதத்தைச் செய்ய ஆறு அலைகள், கேம் சிப்பில் நாலு. தம்பி வீட்டுக்காரர் கொஞ்சம் சிக்கனம், அவ்வளவுதான்.

நான் இசைக் கல்லூரி மாணவன். இந்த மாதிரி இசை செய்ய ஆசை. என்ன வாங்க வேண்டும்? நம் ராகங்கள் இதில் வருமா?
*வடபழனி வாசகர்*

முதலில் ஒன்றும் வாங்க வேண்டாம். ஃபாமிடிராக்கர் என்ற மென்பொருள் இலவசம். அதில் சுரங்கள் மேலிருந்து கீழே வரிசையாக எழுத்தும் எண்ணுமாக ஓடும், பார்த்தால் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். நின்டெண்டோவின் கையடக்கக் கேம் பெட்டியான கேம் பாய் உங்களிடம் இருந்தால், அதில் இசை செய்ய யோஹன் கோட்லின்ஸ்கி எழுதிய ‘லிட்டில் சவுண்ட் டிஜே’ என்ற மென்பொருள் இருக்கிறது. அதைக் கேம் பாயில் ஓட்டி மேடையில் வாசிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ராகம் வருமா என்று கேட்டீர்களே, அதற்காகவே இந்தக் கடிதத்தை எடுத்து வைத்தேன். தோடி காந்தாரத்தை இதில் கொண்டுவர ஒரு மாதம் முயன்றேன். சிப்பில் சுருதி என்பது ஒரு முழு எண். நடு ஸ்தாயியில் ஓர் அரைச்சுர இடைவெளிக்குள் சுமார் 14 படிகள் கிடைக்கின்றன. அதற்குள் எண்ணை ஏற்றி இறக்கினால் கமகம் வழுக்கிக்கொண்டு வரும், அசைவு நன்றாகவே கேட்கும். இரண்டு ஸ்தாயி மேலே போனால் அதே இடைவெளிக்குள் மூன்று நாலு படிகள்தான். காந்தாரம் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவதுபோல் ஆகிவிடும். ஆகவே கமகம் உள்ள பகுதியைக் கீழேயும் நடுவிலும் வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஸ்தாயியில் நேர்சுரமாக நிற்கிற மாதிரி மெட்டை அமையுங்கள். இன்னொன்று, அசைவை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் போடாதீர்கள். தானாக ஆடவிடுகிற வசதி ஒன்று அதில் உண்டு, அதைப் போட்டால் காந்தாரம் ஆம்புலன்ஸ் போலக் கேட்கும். ஒவ்வொரு அசைவையும் கையால் எண் எண்ணாக எழுதுங்கள். நாலு விநாடிக்கு ஒரு சாயங்காலம் போகும். போகட்டும், அப்புறம் கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் விருது, அங்கீகாரம் உண்டா?
*தாம்பரம் வாசகர்*

உண்டு. கிறிஸ்டோபர் டின் ஒரு கேமுக்காக இசையமைத்த ‘பாபா யெட்டு’ 2011இல் கிராமி வாங்கியது. 2023இலிருந்து கேம் இசைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக மரியோ மெட்டைச் சேர்த்தது. கேம் இசையில் அதுதான் முதல்.

பரணில் மகனின் பழைய டிவி கேம் கிடைத்தது. அவன் வெளிநாட்டில் இருக்கிறான். பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாமா?
*கொரட்டூர் வாசகி*

தயவுசெய்து போடாதீர்கள் அம்மா. அந்தப் பழைய அடாப்டரை மட்டும் உடனே செருகிவிடாதீர்கள். தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கொடுத்து, வோல்டேஜும் எந்தப் பக்கம் பிளஸ் என்பதும் பெட்டியில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேசட்டை வாயால் ஊதக் கூடாது. நாம் எல்லோரும் ஊதியிருக்கிறோம், ஆனால் எச்சில் ஈரம் பட்டுப்பட்டுச் செம்பு கறுத்துவிடும். காது குடையும் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, கேசட்டின் வாயில் வரிசையாகத் தெரியும் தகடுகளை மெதுவாகத் துடையுங்கள். ஒரு மணி நேரம் காயவிடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள், வெள்ளை ஓட்டை இருக்கும். புது டிவியிலும் அதே மாதிரி இருந்தால் நேராக மாட்டலாம். இல்லாவிட்டால் ரிச்சி தெருவில் அதை எச்டிஎம்ஐ ஆக மாற்றுகிற சின்னப் பெட்டி கிடைக்கும்.

ஓடினால், செல்போனை டிவி ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்து மகனுக்கு அனுப்புங்கள். வீட்டில் மின்விசிறி ஓடினால் ஓடட்டும், நிறுத்த வேண்டாம். கேசட்டில் முதலில் எந்த கேம் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.