பதிவு உங்களுடையது, குரலும் உங்களுடையதா? (வாசகர் கேள்வி – பதில்)

ஏஐ குரல் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். அனுப்பியவர்கள் பலரும் பெயர் வேண்டாம் என்றதால் எவர் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒலிநூல்கள் தயாரிக்கிறோம். சில பாகங்களுக்கு ஏஐ குரலைப் பயன்படுத்த ஆரம்பித்திருக்கிறோம். ஆப்பில் ஏற்றிவிட்டால் எந்த நாட்டிலிருந்தும் கேட்பார்கள், நாட்டுக்கு ஒரு சட்டம் என்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

பதில்: ஆபீஸ் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. குரலுக்கு உரியவர் எங்கே வசிக்கிறார், கேட்பவர்கள் எங்கே இருக்கிறார்கள், நீங்கள் எங்கிருந்து தொழில் நடத்துகிறீர்கள் என்று மூன்று இடத்துச் சட்டங்களும் உங்களைத் தொடலாம். ஆனால் பயப்பட வேண்டாம், இத்தனை சட்டங்களையும் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு விஷயத்தில் வந்து நிற்கும்: குரலுக்கு உரியவரின் ஒப்புதல் இருக்கிறதா, கேட்பவரிடம் இது ஏஐ குரல் என்று சொன்னீர்களா. இரண்டும் தனித்தனி. ஒப்புதல் வாங்கிவிட்டதால் அறிவிப்பு வேண்டாம் என்றாகாது, அறிவிப்பு போட்டுவிட்டதால் ஒப்புதல் தேவையில்லை என்றும் ஆகாது.

அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். சீனாவில் 2025 செப்டம்பர் 1 முதல் ஏஐ ஒலியின் ஆரம்பத்திலோ நடுவிலோ முடிவிலோ காதில் விழுகிற மாதிரி ஓர் அறிவிப்பு அல்லது குறிப்பொலி வேண்டும், கோப்பின் மெட்டாடேட்டாவிலும் (கோப்புக்குள் மறைவாக இருக்கும் விவரக் குறிப்பு) குறியீடு வேண்டும். இந்தியாவில் 2026 பிப்ரவரி 20 அன்று அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதித் திருத்தம், ஒலி என்றால் முன்னாலேயே அறிவிப்பு வர வேண்டும் என்கிறது. அந்தக் கடமை நேரடியாகத் தளங்கள் மேலும் உருவாக்கும் கருவிகள் மேலும்தான் விழுகிறது என்றாலும், பெரிய சமூக ஊடகத் தளங்கள் ஏற்றுகிறவரிடம் உறுதிமொழி கேட்டாக வேண்டும், ஆக கடைசியில் டிக் போடப் போவது நீங்கள்தான். (இரைச்சல் நீக்குவது, ஒலி அளவைச் சரிசெய்வது போன்ற வழக்கமான எடிட்டிங் இதில் வராது, அந்தக் கவலை வேண்டாம்.) ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தில் வெளிப்படைத்தன்மை பற்றியது 50வது பிரிவு. நிஜ மனிதர் பேசியதாக நம்ப வைக்கும் போலி ஒலி என்றால் சொல்லியே ஆக வேண்டும். கதை, நாடகம், நையாண்டி என்று தெளிவாகத் தெரியும் படைப்புகளுக்கு மட்டும் ரசனையைக் கெடுக்காத விதத்தில் சொன்னால் போதும் என்று கொஞ்சம் தளர்வு உண்டு. சட்டத்தில் இந்தப் பிரிவுக்கு எழுதப்பட்ட தொடக்க நாள் 2026 ஆகஸ்ட் 2.

நான் சொல்வது இதுதான்: நாட்டுக்கு ஒரு பிரதி போட்டு மாளாது. இருப்பதிலேயே கண்டிப்பானதை எடுத்துக்கொண்டு எல்லாப் பிரதிக்கும் அதையே செய்யுங்கள். தொடக்கத்தில் ஒரே வாக்கியம், விவரக் குறிப்பில் ஒரு வரி. அப்புறம் முக்கியமாக ஒன்று, மாஸ்டரிங் (ஒலியைக் கடைசியாக மெருகேற்றுவது) முடித்து எம்பி3 ஆக மாற்றும்போது மெட்டாடேட்டா காணாமல் போவது சகஜம். கருவி போட்டுக் கொடுத்த குறியீடு கடைசிக் கோப்பிலும் இருக்கிறதா என்று ஏற்றும் முன் பாருங்கள்.

கேள்வி: ஒரு தொடருக்குக் கதைசொல்லி ஒருவரை வைத்துப் பதிவு செய்தோம். ஒப்பந்தத்தில் "இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களுக்குமான முழு உரிமை" எங்களுக்கு என்று இருக்கிறது. இப்போது அவருக்கு நேரமில்லை. பழைய பதிவுகளை வைத்து அவர் குரலை ஏஐயில் உருவாக்கி அடுத்த பாகங்களை முடித்துவிடலாமா?

பதில்: கூடாது. அந்த வாக்கியத்தை நம்பி இறங்காதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு ரொம்ப நெருக்கமான ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஒரு குரல் கலைஞர் ஒரு நிறுவனத்துக்காகப் பதிவு செய்து கொடுத்தார், அந்தப் பதிவுகளின் உரிமை அந்த நிறுவனத்திடம்தான் இருந்தது, அதை அவர்கள் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கொடுக்க, எழுத்தைப் பேச்சாக்கும் கருவியாக அந்தக் குரல் சந்தைக்கு வந்துவிட்டது. பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொன்னது இது: பதிவின் மேல் உரிமை இருப்பதால், அந்தக் குரலை ஏஐ ஆக்க இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் உரிமை வந்துவிடாது. பதிவைக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சேர்ந்து 2,50,000 யுவான் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. சீனாவின் சிவில் சட்டத் தொகுப்பு, 1023வது பிரிவில், ஒருவரின் உருவத்துக்குத் தரும் பாதுகாப்பைக் குரலுக்கும் தருகிறது, தீர்ப்பு நின்றது அதன் மேல்தான்.

கலிஃபோர்னியா வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, ஒருவர் நேரில் வந்து செய்திருக்கக்கூடிய வேலையை அவருடைய டிஜிட்டல் நகலை வைத்துச் செய்ய அனுமதிக்கும் ஷரத்து, எதற்கெல்லாம் பயன்படுத்துவோம் என்று போதுமான விவரத்தோடு எழுதப்படாமல், அந்தக் கலைஞருக்கு வக்கீலோ தொழிற்சங்கமோ துணை இல்லாமல் கையெழுத்தானது என்றால் செல்லாது. நியூயார்க்கிலும் கிட்டத்தட்ட இதே போன்ற சட்டம், அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. "இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களும்" என்று மொத்தமாக அள்ளிக்கொள்ளும் வாசகங்களைக் குறிவைத்து எழுதப்பட்டவை இவை.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இல்லாத நாட்டில் அவர் இருந்தாலும் என் பதில் மாறாது. அவர் உங்களுக்கு விற்றது அந்தச் சில நாட்களின் உழைப்பை. வாழ்நாள் முழுக்க அவர் பிழைக்க வேண்டிய குரலை விற்கவில்லை. கையெழுத்துப் போட்டபோது இப்படியொன்று வரும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அதனால் இப்போது கேட்பதுதான் முறை. கூப்பிட்டுப் பேசுங்கள், பலர் சம்மதிக்கிறார்கள். சம்மதித்தால் பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒட்டவைக்காமல் புதிதாக எழுதுங்கள். எந்தத் தொடர், எத்தனை பாகம், எந்த மொழி, எத்தனை வருஷம், பாகத்துக்கு எவ்வளவு பணம் எல்லாம் அதில் இருக்கட்டும். முடிந்த ஒலியை வெளியிடும் முன் கேட்டுப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். இதில் எல்லாரும் மறக்கிற ஒன்று குரல் மாதிரி, அதாவது அவர் பதிவுகளை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுத்து உருவாக்கிய கோப்பு. அது யாருடைய கணக்கில் கிடக்கும், காலம் முடிந்ததும் யார் அழிப்பார்கள், அழித்ததை எப்படிக் காட்டுவார்கள்? ஐரோப்பாவில் வசிப்பவர் என்றால் அங்கே குரல் தனிப்பட்ட தகவல், ஒப்புதலை அடிப்படையாக வைத்து அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அவர் பின்னால் அதைத் திரும்பப் பெறவும் முடியும், அதற்கும் ஒரு ஷரத்து வேண்டும். வரைவை வக்கீல் ஒருவர் பார்த்துவிடட்டும். பேச்சு முடியும் வரை "சும்மா டெஸ்ட்" என்றுகூட அவர் பதிவை எந்தக் கருவியிலும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: நான் குரல் கலைஞர். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று சொல்லி இணையத்தில் ஒருவர் குறைந்த தொகைக்கு என்னிடம் பதிவு வாங்கினார். இப்போது வேறொரு பெயரில் என் குரல் ஓர் ஆப்பில் விற்பனையில் இருக்கிறது. பதிப்புரிமை வழக்கு போடலாமா?

பதில்: படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் தனி ஆள் இல்லை என்பது ஓரளவுக்காவது தெம்பு தரட்டும். இதே போல ஏமாற்றப்பட்டதாக இரண்டு குரல் கலைஞர்கள் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஜூலையில் நீதிபதி, குரலைப் பதிப்புரிமைச் சட்டம் காப்பதில்லை என்று அவர்களுடைய பதிப்புரிமை வாதங்களில் பெரும்பகுதியையும் டிரேட்மார்க் வாதத்தையும் தள்ளினார். ஆனால் குரலை அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது, நுகர்வோரை ஏமாற்றியது என்று நியூயார்க் மாநிலச் சட்டங்களின் கீழ் வைத்த வாதங்களைத் தொடர அனுமதித்தார். ஆகவே பதிப்புரிமையை முன்னால் வைக்காதீர்கள். ஒப்பந்த மீறல், ஏமாற்று, ஆளுமை உரிமை (தன் பெயர், உருவம், குரல் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமை), தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு இவற்றில் உங்கள் நாட்டில் எது வலுவானது என்று வக்கீலிடம் கேளுங்கள். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியது: "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அவர் எழுதிய செய்திகள், பணம் வந்த ரசீது, தேதியோடு உங்கள் மூலப் பதிவு, அந்த ஆப்பில் குரல் ஒலிப்பதன் திரைப்பதிவு எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். நீங்கள் புகார் கொடுத்ததும் அங்கே ஆதாரம் மறைந்துவிடலாம்.

கேள்வி: நாங்கள் யார் குரலையும் நகல் எடுக்கவில்லை. ஒரு பிரபல நடிகரின் சாயலில் இருக்கும் ஏஐ குரலைக் காசு கொடுத்து வாங்கி விளம்பரத்தில் போட்டோம். பெயரைச் சொல்லவே இல்லையே, பிரச்சினை வருமா?

பதில்: வரும். பெயர் சொல்லாதது பெரிய கவசம் இல்லை. ஏஐ குரல் வருவதற்கு முன்பே முடிவான சங்கதி இது: பாடகி பெட் மிட்லர் பாட மறுத்ததும் அவருடைய முன்னாள் பின்னணிப் பாடகி ஒருவரை வைத்து அதே மாதிரி பாட வைத்து ஒரு கார் விளம்பரம் வந்தது, 1988ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது தவறு என்றது. 2025 ஆகஸ்டில் பெர்லினில் ஒரு நீதிமன்றம், ஹாலிவுட் நடிகருக்கு ஜெர்மனில் டப்பிங் பேசும் கலைஞரின் குரல் போலவே இருந்த ஏஐ குரலைத் தன் வீடியோக்களில் போட்டவர் 4,000 யூரோ தர வேண்டும் என்றது. இந்தியாவில் பாம்பே உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பாடகர் அர்ஜித் சிங் வழக்கில், அவர் குரலை ஏஐ மூலம் உருவாக்கித் தரும் கருவிகளுக்கே இடைக்காலத் தடை போட்டது. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலும் 2024 ஜூலை 1 முதல் குரலின் சாயலும் பாதுகாப்புக்குள் வருகிறது. கேட்டதும் "அவர்தானே?" என்று யாருக்காவது தோன்றினால் அந்த விளம்பரத்தை இறக்கிவிடுங்கள்.

கேள்வி: இறந்துபோன பாடகர் குரல் என்றால் யாரிடம் கேட்பது?

பதில்: குடும்பத்திடம், எழுத்தில். சட்டம் இங்கே ரொம்பவே சிதறிக் கிடக்கிறது: கலிஃபோர்னியாவில் இறந்து 70 வருஷம் வரை உரிமை வாரிசுகளுக்கு, ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமோ இறந்தவர்களுக்குப் பொருந்தாது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஏ.ஆர்.ரஹ்மான் 2024ல் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை ஏஐ மூலம் பயன்படுத்தியபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கி உரிய பணமும் அனுப்பியதாக வெளிப்படையாகச் சொன்னார். அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கருவியிலேயே வரும் பொதுக் குரலை வைத்து என் சொந்தக் கதையை ஒலியாக்கினேன். அந்த ஒலி எனக்குச் சொந்தமா?

பதில்: கதை உங்களுக்குச் சொந்தம், சந்தேகமில்லை. முழுக்க ஏஐ உருவாக்கிய பகுதிக்குப் பதிப்புரிமை இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் திரும்பவும் சொன்ன நிலைப்பாடு, பிரிட்டன் சட்டத்திலோ கணினி உருவாக்கிய படைப்புக்கும் பதிப்புரிமையில் ஓர் இடம் உண்டு. விற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கருவியின் விதிமுறைகளைப் படியுங்கள். இலவசத் திட்டத்தில் எடுத்த ஒலியை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பல கருவிகளில் இருக்கும், பின்னால் பணம் கட்டினாலும் முன்பு எடுத்ததற்கு அது பொருந்தாமல் போகலாம், அப்படி இருந்தால் பணம் கட்டிய பிறகு மறுபடி உருவாக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.