போனைக் கவிழ்த்து வைத்தால் போதுமா?

கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்கு உளவியல் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: போனை சைலண்ட்டில் போட்டு, மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படிக்கிறேன். அப்படியும் மனம் நிற்பதில்லை. எனக்கு மன உறுதி போதவில்லையா? (பொறியியல் மூன்றாம் ஆண்டு, சேலம்)

பதில்: மன உறுதியை விடுங்கள், முதலில் போனை மேசையிலிருந்து எடுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டு குழுவினர் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எல்லோருடைய போனும் சத்தமில்லாமல் ஆக்கப்பட்டது. சிலருடையது மேசையில், சிலருடையது பையில், சிலருடையது வேறு அறையில். போனை வேறு அறையில் வைத்தவர்கள், மேசையில் வைத்தவர்களைவிடச் சிந்தனைத் தேர்வுகளை நன்றாகச் செய்தார்கள். போன் தங்களைப் பாதித்ததாகப் பெரும்பாலோர் நினைக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. பின்னர் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு இதே முடிவு கிடைக்கவில்லை. இருந்தாலும் போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வர என்ன செலவு?

"அரை நிமிடம்தான் பார்த்தேன்" என்று மாணவர்கள் சொல்லும் கணக்கையும் நான் ஏற்பதில்லை. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது, முந்தையதன் எச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். பதில் அனுப்பாத ஒரு மெசேஜ், புத்தகத்துக்குத் திரும்பிய பிறகும் உங்களோடு உட்கார்ந்திருக்கும்.

விடுதியில் இருப்பது ஒரே அறைதானா? உங்கள் போன் அறைத்தோழரிடமும் அவருடையது உங்களிடமும் இருக்கட்டும். பாடமே போனில்தான் இருக்கிறது என்றால், அன்றைக்கு வேண்டிய பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பில் லேப்டாப்பில் குறிப்பெடுக்கலாமா?

பதில்: கையால் எழுதியவர்களுக்குக் கருத்து நன்றாகப் புரிந்தது என்று முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2014இல் சொன்னது எங்கும் பரவியது. பிறகு வந்த சோதனைகளில் அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை. ஆகவே இதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் லேப்டாப்பில் வேறு எதையாவது மேய்பவர் பின்னால் உட்காராதீர்கள். 2013இல் கனடாவில் நடந்த ஆய்வில், அப்படிப்பட்ட திரை கண்ணில் படும் இடத்தில் இருந்தவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தது.

கேள்வி: பாட வீடியோக்களை இரண்டு மடங்கு வேகத்தில் பார்க்கிறேன். தவறா?

பதில்: இல்லை. 2021இல் கலிபோர்னியாவில் மாணவர்களிடம் சோதித்தபோது, இரண்டு மடங்கு வரை பெரிய இழப்பு தெரியவில்லை. அதற்கு மேல் போனால் புரிதல் குறைகிறது. ஆனால் அதே வீடியோவை மூன்றாம் முறை ஓட்டாதீர்கள். மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டியது இதைத்தான்: உடனே சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்து, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்துகிறார்கள்.

கேள்வி: மகன் இரவு இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்க்கிறான். போனைப் பிடுங்கிவிடலாமா? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: வேண்டாம் அம்மா. வகுப்பு அறிவிப்பிலிருந்து தேர்வுக் கட்டணம் வரை இன்று வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. சார்ஜரை மட்டும் கூடத்தில் வையுங்கள், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். பையன் சாப்பாட்டையும் நண்பர்களையும் சேர்த்தே தவிர்க்கிறான் என்றால், விஷயம் ரீல்ஸ் அல்ல. மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

பதில்: கணக்குப் போடும்போது கேளுங்கள். வாசிக்கும்போது வரிகள் உள்ள பாட்டு வேண்டாம்.