அதிர்ந்து பேசாத பெண்ணும் தீயணைப்பு வேலையும்

அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் உங்கள் மகள் முடிவெடுத்துவிட்டாள்: தீயணைப்புத் துறை, கிடைக்காவிட்டால் ராணுவம், வேறு பேச்சே கிடையாது. உயிருக்கு ஆபத்து என்ற பயத்தை முதல் வரியிலேயே எழுதிவிட்டீர்கள். இன்னொரு பயத்தைக் கடைசிப் பக்கத்தில், தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள்: "அவள் வீட்டில்கூட அதிர்ந்து பேச மாட்டாள். அங்கே போய் நாலு பேரை எப்படி அதட்டி வேலை வாங்குவாள்?"

கடைசிப் பக்கத்தில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தீப்பிடித்த கட்டடத்துக்குள் போகிறவரின் முகத்தில் மாஸ்க், முதுகில் காற்று சிலிண்டர். அங்கே கத்தினால் சிலிண்டரில் இருக்கும் காற்று சீக்கிரம் தீரும். அரை மணி நேரத்துக்கு என்று குறித்த சிலிண்டரே கடும் வேலையில் அதற்கு முன்னால் காலியாகிவிடும். மாஸ்க்குக்குள்ளிருந்து வரும் கத்தல் வாக்கி-டாக்கியில் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன பார்க்கிறேன், என்ன வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் நிதானமாகச் சொல்கிறவரைத்தான் அந்தக் குழு நம்பும். அதட்டல் அங்கே யாருக்கும் பயன்படாது.

1980களில் கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் தீயணைப்பு அதிகாரிகளிடம் போய், நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். இரண்டு மூன்று வழிகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு ஏமாற்றம். பெரும்பாலும் அவர்கள் எதையும் ஒப்பிடவே இல்லை. பழைய அனுபவத்திலிருந்து, இது அந்த மாதிரித் தீ என்று அடையாளம் தெரியும். உடனே ஒரு வழி மனதில் வரும். அதை உள்ளுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். அவர் கேட்ட சம்பவங்களில் ஒன்று பிறகு மிகவும் பேசப்பட்டது. ஒரு வீட்டின் பின்பக்கச் சமையலறையில் தீ. குழு முன்னறையில் நின்று தண்ணீர் அடிக்கிறது, தீ அடங்கவில்லை. சின்னத் தீதான், ஆனால் அறையில் சூடு அதிகம். அவ்வளவு சூடு இருந்தும் தீயின் சத்தம் குறைவு. ஏதோ பொருந்தவில்லை என்பதற்கு மேல் அந்த அதிகாரிக்கு எதுவும் தெரியாது. எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். வந்த சற்று நேரத்தில், அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து உள்ளே விழுந்தது. உண்மையான தீ காலுக்குக் கீழே, அடித்தளத்தில் எரிந்துகொண்டிருந்தது. அப்படி ஓர் அடித்தளம் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

உங்கள் மகள் ஒரு நாள் நடுராத்திரியில் கேஸ் வாசனை வருகிறது என்று வீட்டில் எல்லோரையும் எழுப்பி வெளியே நிறுத்தினாள், கடைசியில் ஒன்றுமே இல்லை, எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். இனிமேல் தயவுசெய்து அதைச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

அதற்காக, அமைதியாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட மாட்டேன். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். பாராசூட்டில் குதித்துக் காட்டுத் தீயை அணைக்கும் குழு அது. தலைவர் வாக்னர் டாட்ஜ் கைதேர்ந்தவர், பேச்சு குறைவு. காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ அவர்களைத் துரத்த ஆரம்பித்தது. கருவிகளைப் போட்டுவிட்டு ஓடச் சொன்னார். ஓடியும் தப்ப முடியாது என்று புரிந்ததும், தீக்குச்சியைக் கிழித்துத் தனக்கு முன்னால் இருந்த புல்லைக் கொளுத்தினார். அது எரிந்து முடித்த இடத்தில் படுத்துக்கொண்டால், பின்னால் வரும் பெரிய தீக்கு அங்கே எரிக்க எதுவும் இருக்காது. மற்றவர்களையும் உள்ளே வரும்படி கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. பின்னால் தீ துரத்தும்போது முன்னால் இன்னொரு தீ வைக்கிற மனிதரைப் பார்த்தால், இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதானே தோன்றும்! அன்று சரிவில் இருந்த 16 பேரில் 13 பேர் இறந்துபோனார்கள். டாட்ஜ் சாம்பலுக்குள் முகம் புதைத்துப் படுத்துப் பிழைத்தார். உச்சியில் பாறை இடுக்கு வழியாக ஏறிப்போன இருவர் பிழைத்தார்கள்.

டாட்ஜின் யோசனை சரி. ஆனால் அந்தப் பையன்களில் பலர் அதற்கு முன் அவரோடு சேர்ந்து வேலை செய்ததில்லை. அவர் எப்படி யோசிப்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. விளக்கிச் சொல்ல அந்த நிமிடத்தில் நேரமும் இல்லை. அந்த நம்பிக்கையைத் தீ இல்லாத நாட்களிலேயே சேர்த்து வைத்திருக்க வேண்டும். சேர்ந்து பயிற்சி எடுத்து, சேர்ந்து சாப்பிட்டு, நான் இதை ஏன் இப்படிச் செய்கிறேன் என்று சலிக்காமல் சொல்லிச் சொல்லித்தான் அது வரும். உங்கள் மகள் விஷயத்தில் எனக்கு இருக்கும் கவலையும் இங்கேதான். சத்தம் போடாதது குறையே இல்லை. மனசில் ஓடுவதை வெளியே சொல்லாமல் விழுங்கிவிடுகிற பழக்கம் இருந்தால், அதை இப்போதே மாற்ற வேண்டும்.

ராணுவத்தில் இதைக் கட்டளை கொடுக்கும் முறையிலேயே வைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவத்தில் வளர்ந்த வழக்கம், இன்று பல நாட்டுப் படைகளில் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலையோடு, அது எதற்காக, முடிவில் நிலைமை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'பாலத்தைப் பிடி' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பாலம் உடைந்துகிடப்பதைப் பார்க்கும் சிப்பாய் திரும்பி வந்துவிடுவான். 'இருட்டுவதற்குள் நம் வண்டிகள் ஆற்றைக் கடக்க வேண்டும், அதற்காகப் பாலத்தைப் பிடி' என்றால், அதே சிப்பாய் ஆழமில்லாத துறை எங்கே இருக்கிறது என்று தேடப் போவான். இப்படிச் சொல்ல வெண்கலக் குரல் தேவையில்லை. காரணத்தை ஒரு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. தலைமை என்றதும் பத்துப் பேருக்கு முன்னால் நிற்பதைத்தான் நினைத்திருப்பீர்கள். முதல் சில வருடம் அவள் நிற்கப்போவது வரிசையின் கடைசியில். அங்கே அவளிடம் எதிர்பார்ப்பது, தான் பார்த்ததை மேலே இருப்பவரிடம் சொல்லும் தைரியம். அமெரிக்கக் காட்டுத் தீ வீரர்கள் பையில் வைத்திருக்கும் கையேட்டில், ஆபத்தான வேலையை முறைப்படி மறுப்பது எப்படி என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஏன் முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும், முடிந்தால் மாற்று வழியும் சொல்ல வேண்டும். அதே வேலையை அதிகாரி வேறு குழுவுக்குக் கொடுத்தால், முதல் குழு இதை மறுத்தது, இன்ன காரணத்துக்காக மறுத்தது என்று அந்தக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். ஒருவர் சொன்ன 'வேண்டாம்' அவரோடு முடிந்துபோகாமல் அடுத்தவர் காதுக்கும் போய்ச் சேருகிறது.

ராணுவத்தில் இந்த இடம் இன்னும் குறுகியது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டத்துக்கு உட்பட்ட கட்டளை பிடிக்காவிட்டாலும் செய்தாக வேண்டும். கேள்வி கேட்பதற்குத் திட்டமிடும் நேரம் இருக்கிறது, முடிந்த பிறகு அலசும் நேரம் இருக்கிறது, நடுவில் கிடையாது. எல்லாவற்றுக்கும் எப்போதும் வாதாடுகிற பிள்ளை என்றால் அங்கே ரொம்பவும் கஷ்டப்படும். உங்கள் மகள் அப்படித் தெரியவில்லை.

முடிந்த பிறகு அலசுவது என்றேனே, அமெரிக்க ராணுவம் அதை 1970களில் ஒரு முறையாகவே ஆக்கியது. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து நாலே கேள்வி: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த தடவை என்ன செய்வோம். பதவி வித்தியாசம் பார்க்காமல் பேச வேண்டும். தீயணைப்புக் குழுக்களும் இதை எடுத்துக்கொண்டன. நல்ல அதிகாரி முதலில் தன்னுடைய தப்பைச் சொல்லித் தொடங்குவார், அதற்குப் பிறகுதான் கடைசியில் இருக்கும் சின்னப் பையன் வாயைத் திறப்பான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவன், பள்ளி அணியின் கேப்டன், அபாரமான குரல். தோற்றுப்போன ஆட்டங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். ஐந்து ஆட்டம் சொன்னான். ஐந்திலும் தப்பு வேறு யாரோ செய்தது. இரண்டு வருடம் கழித்து வா என்று அனுப்பிவிட்டேன். அவன் அப்பாவுக்கு என் மேல் இன்னும் கோபம்.

இந்த நாலு கேள்வியை வீட்டிலேயே பழக்கலாம். மார்க் குறைந்து வரும் நாளில் திட்டாமல், இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் தப்பு ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இப்போது முதல் பயத்துக்கு வருகிறேன். ஆபத்து இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தைத் தவிர வேறு இடங்களிலும் அது இருக்கிறது. அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களின் கணக்கைப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறார்கள். அதில் மிகப் பெரிய பங்கு தீக்காயம் இல்லை, திடீர் மாரடைப்பு. தூக்கத்திலிருந்து அலறி எழுப்பும் மணி, 20 கிலோவுக்கு மேல் உடையும் சிலிண்டரும், அந்தச் சுமையோடு மாடிப்படி, உள்ளே அனல், வியர்வை வெளியேற வழியில்லாத கோட்டு என்று எல்லாம் இதயத்தின் மேல்தான் விழுகிறது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தீயணைப்பு வேலையையே, உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகள் அடங்கிய முதல் பிரிவில் சேர்த்தது. புகை படிந்த கோட்டோடு திரிவது வீரத்தின் அடையாளம் என்று நினைத்த காலம் போய்விட்டது. இப்போது தீயை அணைத்த கையோடு உடையையும் உடம்பையும் கழுவச் சொல்கிறார்கள். இதைச் சோம்பாமல் செய்கிற பிள்ளையா என்பது, நீங்கள் நினைப்பதைவிட முக்கியமான கேள்வி.

தூக்கமும் அப்படித்தான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல மந்தமாகிவிடும் என்று 1990களின் ஆய்வுகள் காட்டின. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் தண்டனை. ஷிப்டும் இரவுப் பணியும் உள்ள வேலையில், தூங்கக் கிடைத்த நேரத்தில் தூங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி. உங்கள் மகள் கைபேசியோடு இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளிடம் நான் முதலில் மாற்றச் சொல்லப்போவது அதைத்தான்.

பயம் வரும்போது உடம்பு என்ன செய்யும் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இதயம் படபடக்கும், கண் நேரே இருப்பதை மட்டும் பார்க்கும், பக்கத்தில் கூப்பிடுவது காதில் விழாது, விரல் பட்டனைப் பிடிக்காது. இதற்குப் பெயர் கோழைத்தனம் இல்லை. எல்லோருக்கும் வருவதுதான். அதனால்தான் முடிச்சுப் போடுவதையும் மாஸ்க் மாட்டுவதையும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, நாலு எண்ணும் வரை நிறுத்தி, நாலில் விட்டு, மறுபடி நாலு நிறுத்துவது சிறப்புப் படைகளில்கூடச் சொல்லித்தரும் பழக்கம். தேர்வு அறைக்குள்ளேயே தொடங்கலாம், செலவில்லை.

தேர்வு பற்றிச் சுருக்கமாக. முதலில் மருத்துவத் தகுதி: பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, பழைய எலும்பு முறிவு. விதிகள் துறைக்குத் துறை மாறும், ஆகவே அறிவிப்பை நீங்களே படியுங்கள். இரண்டு வருடம் விடாமல் உழைத்த பிறகு நிறக்குருடு என்று தெரிந்து என் முன்னால் உட்கார்ந்து அழுத பிள்ளைகள் உண்டு. பத்து நிமிடப் பரிசோதனையை யாரும் முன்னாலேயே செய்து பார்க்கவில்லை. பிறகு உடல்: ஓட்டம், சுமையோடு படியேற்றம், பிடிமானம், நீச்சல். ஜிம் கண்ணாடிக்கு முன்னால் வளரும் தசை இங்கே பெரிதாக உதவாது.

அதிகாரித் தேர்வு என்றால் குழுப் பணிகள் இருக்கும். 1942இல் பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க உளவியலாளர்களை அழைத்தபோது, வில்ஃப்ரெட் பியோன் என்ற மனநல மருத்துவர் ஒரு யோசனை சொன்னார்: தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று பாருங்கள். தான் நன்றாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசைக்கும், வேலை நடக்க வேண்டும் என்கிற அக்கறைக்கும் நடுவில் ஒருவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைத்தான் அவர் பார்க்க விரும்பினார். இன்றும் பல நாடுகளில் அதன் சாயலில்தான் தேர்வு நடக்கிறது. பலகையையும் கயிற்றையும் கொடுத்துப் பள்ளத்தைத் தாண்டச் சொன்னால், சத்தமாக யோசனை சொல்கிறவன் ஒரு பக்கம் இருப்பான். கயிறு எட்டாமல் நிற்கிறவனைக் கவனித்து அதன் நுனியை நீட்டுகிறவள் இன்னொரு பக்கம் இருப்பாள். மதிப்பெண் போடுகிறவர்கள் இருவரையும் பார்க்கிறார்கள்.

தீயணைப்பா, ராணுவமா என்று இப்போதே அடம்பிடிக்க வேண்டாம். ஒன்றில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பலாம், இன்னொன்றில் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாது. ராணுவத்தில் நடுவில் விட்டு வருவதும் சுலபமில்லை. இரண்டிலும் வேலையில் இருக்கும் பெண்கள் ஒருவரிடமாவது அவள் நேரில் பேசட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம்.

அடுத்த சந்திப்புக்கு அவளையும் அழைத்து வாருங்கள். நான் அவளிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: பெரியவர் ஒருவர் தப்பு செய்கிறார் என்று தெரிந்து, அதை அவர் முகத்துக்கு நேரே எப்போது சொன்னாய், என்ன வார்த்தையில் சொன்னாய்? பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கலாம். அந்த நேரத்தில் நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். அவள் சொல்லப்போகும் கதையில் அந்தப் பெரியவர் நீங்களாகவே இருந்தாலும்.