ஏர் ரைஃபிளுக்கு எந்த பேட்ச் பெல்லட்டை வாங்குவது?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிலும் என் மகளுக்காக, ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி இரண்டு பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) பெல்லட்டுகளை, அதாவது ஈயக் குண்டுகளை, சோதித்தேன். ஐந்து குண்டுகளில் முதல் பேட்ச் 6 மி.மீ. அகலத்திலும் மற்றது 7 மி.மீ. அகலத்திலும் விழுந்தன. மறுநாள் அப்படியே தலைகீழ். எதை வாங்குவது?"

இந்தச் சோதனையை வைத்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. என்பதால், துளைகளின் வெளி ஓரத்தை அளந்த உங்கள் கணக்கிலிருந்து அதைக் கழித்தால், மையத்துக்கு மையம் சிதறல் 1.5, 2.5 மி.மீ. என்றாகிறது. ஒரே பேட்சை ஐந்து ஐந்தாகப் பலமுறை சுட்டாலே சிதறல் சராசரியிலிருந்து கால் பங்கு வரை கூடியும் குறைந்தும் வருவது வழக்கம் என்பதால், நீங்கள் இரண்டு நாளும் கண்டது பெல்லட்டின் குணமாக இல்லாமல் வெறும் தற்செயலாகவே இருந்திருக்கலாம்.

ஆனாலும் பேட்ச் தேர்வு வீண் வேலை அல்ல. குண்டு, இலக்கின் நடுவிலுள்ள 0.5 மி.மீ. புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும், அதற்கு மேல் 10.9 வரை, மையத்தை நோக்கி நெருங்கும் ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 புள்ளி கூடுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையில் இருந்தது 0.8 புள்ளிதான்.

சோதனையை இப்படிச் செய்து பாருங்கள். பேட்ச் மாற்றியதும் பேரல் புது ஈயத்துக்குப் பழகும்வரை பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, ஒவ்வொரு பேட்சிலும் பத்துக் குண்டு வீதம் மூன்று தாள் சுடுங்கள்; இரண்டு பேட்சையும் மாற்றி மாற்றிச் சுட்டால், ரைஃபிளின் காற்றுச் சிலிண்டர் அழுத்தத்திலோ கிளாம்பிலோ மெல்ல ஏற்படும் மாற்றம் ஒரே பேட்சின் தலையில் விழாது. மிக விலகிய இரண்டு துளைகளை மட்டும் அளக்காமல், எல்லாத் துளைகளும் அவற்றின் நடுப்புள்ளியிலிருந்து சராசரியாக எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்தால், முப்பது குண்டுகளும் சாட்சி சொல்லும். அதன் பிறகும் வேறுபாடு தெரியாவிட்டால் இரண்டும் ஒன்றே, மலிவானதை வாங்குங்கள்.

சுடுமுன் பெல்லட்டுகளை விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பதும் அவசியம். பின்பக்கப் பாவாடை போன்ற விளிம்பு மெல்லிய ஈயம்; டின் ஒருமுறை கீழே விழுந்தாலே அதில் நகம் அழுத்தியதுபோல் பள்ளம் விழுந்துவிடும். அத்தகைய பெல்லட் எந்த பேட்சாக இருந்தாலும் பயிற்சிக்குக்கூட வேண்டாம். கையாண்ட பிறகு மகள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. ஈய விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

பெல்லட்டின் தலை விட்டம் 4.49, 4.50 மி.மீ. என்று டின்னில் அச்சிட்டிருப்பதைத் தேர்வின் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே அளவு அச்சிட்ட இரண்டு பேட்ச்கள் ஒரே பேரலில் வெவ்வேறாக நடப்பதுண்டு. பொருந்தும் பேட்ச் கிடைத்துவிட்டால், டின்னிலுள்ள பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, வரும் போட்டிகளுக்கெல்லாம் தேவையான டின்களை அதே எண்ணில் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.