அமுக்கத்தைக் கூட்டாமல் சன்னத்தின் வேகத்தைக் கூட்டுவது எப்படி?

மட்டக்களப்பில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி: "ரைபிள் தோட்டாவின் உச்ச அமுக்கத்துக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டாமல் சன்னம் எப்படிக் கூடுதல் வேகத்தில் பாய்கிறது?"

நல்ல கேள்வி. உச்சத்தை மட்டும் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. சன்னத்துக்கு இயக்க சக்தியைக் கொடுப்பது அமுக்கம்–தூரம் வளையியின் கீழுள்ள முழுப் பரப்பளவு. வாவிக் கரையில் தோணியை இறக்குபவர் ஒரே இடியோடு நிற்பதில்லை. தண்ணீரைத் தொடும்வரை கூடவே நடந்து தள்ளுகிறார். இங்கும் அதே கணக்குத்தான்.

சாதாரண வெடிமருந்தில், சன்னம் சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் அமுக்கம் உச்சத்தைத் தொட்டு, பிறகு மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே மருந்து எரியும் விதத்தை மாற்றுகிறார்கள். வெடிமருந்து மணிகளின் மேல் பூசப்படும் வேதிப்பூச்சு தொடக்க எரிதலைத் தணிக்கிறது. மணியில் துளையிட்டால், வெளிப்பரப்பு எரிந்து சுருங்கும்போது உட்பரப்பு விரிகிறது. வாயு உற்பத்தி சட்டென்று தளர்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இந்தத் துளைதான்! உச்சம் அதே அளவில் நிற்க, இறக்கம் மட்டும் மெதுவாகிறது.

தோட்டா தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஹார்னடியின் சூப்பர்ஃபார்மன்ஸ் தோட்டாக்கள் இவ்வழியில் விநாடிக்கு 30 முதல் 60 மீட்டர் வரை கூடுதல் வேகம் தருவதாக அந்நிறுவனம் கூறுகிறது.

இது இலவசமாகக் கிடைப்பதல்ல. பின்னுதைப்பு கூடும், குழல் குட்டையானால் பலன் குறையும். வாயுவால் இயங்கும் தானியங்கித் துப்பாக்கிகளில், குழலிலிருந்து பொறிமுறைக்கு வாயுவை எடுக்கும் வாயுத்துளையருகே அமுக்கம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதால் பொறிமுறை மிகையாக உதைபடும்.