டெக்சாஸிலிருந்து வந்த சம்மனைக் கிழித்துப் போடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறேன். என் பழைய காரை இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றேன். ஹூஸ்டனிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்து, ஓட்டிப் பார்த்து, பணம் கொடுத்து எடுத்துப் போனார். இரண்டே மாதத்தில் இன்ஜின் போய்விட்டதாம். 28,000 டாலர் கேட்டு ஹூஸ்டனில் உள்ள கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். அக்டோபர் 8, புதன்கிழமை சம்மன் கைக்கு வந்தது. டெக்சாஸ் பக்கமே நான் போனதில்லை. கண்டுகொள்ளாமல் விடலாமா? அல்லது, கார் நன்றாகத்தான் இருந்தது என்று நீதிபதிக்கு எழுதி வைத்திருக்கும் கடிதத்தை அனுப்பட்டுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். கடிதம் மேஜை டிராயரிலேயே இருக்கட்டும்.

உங்களை அங்கே இழுக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை என்பதுதான் என் கணிப்பும். நியூயார்க்கில் விற்ற ஆடி கார் ஓக்லஹோமாவில் விபத்துக்குள்ளான வழக்கில், கார் அங்கே போய்ச் சேர்ந்ததற்காக விற்ற டீலரை அங்கே நிறுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் சொன்னது. டெக்சாஸின் சொந்த உச்ச நீதிமன்றமும் 2005-இல் இதே வழியில் போனது. அந்த வழக்கில், டெக்சாஸ்காரர் ஒருவர் இந்தியானா கடைக்குப் போன் போட்டு, தன் செலவில் வரவழைத்த வண்டி அது. உங்கள் ஆளோ நேரிலேயே வந்து எடுத்துப் போயிருக்கிறார்!

சும்மா இருந்தால், உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரும். ஒரு மாநிலத் தீர்ப்பை இன்னொரு மாநிலம் மதிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அதனால் அதை நியூ ஜெர்சிக்கே கொண்டுவந்து உங்கள் சம்பளத்தில் பிடிக்கலாம். அப்போது நீங்கள் கேட்கக்கூடியது ஒன்றுதான்: டெக்சாஸுக்கு அதிகாரம் இருந்ததா? அதில் தோற்றால், இன்ஜின் கதையை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

கடிதம் அதைவிட ஆபத்து. நீதிமன்றம் அதையே பதில் மனுவாக எடுத்துக்கொண்டால், அந்த அதிகாரத்தை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. டெக்சாஸ் விதி 120ஏ-படி, ‘என்னை இழுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று சொல்லும் ‘ஸ்பெஷல் அப்பியரன்ஸ்’ மனு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், சத்தியப் பிரமாணத்தோடு போக வேண்டும். அதே மனுவில், அதற்குக் கீழே, காரைப் பற்றிய பதிலையும் சேர்க்கலாம்.

மனு போடும் கெடு விசித்திரமானது: சம்மன் கைக்கு வந்து இருபது நாள் கழிந்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. உங்களுக்கு இருபதாம் நாள் அக்டோபர் 28, செவ்வாய். ஆகவே நவம்பர் 3; எடிசன் கடிகாரத்தில் 11 மணி.

நண்பர்கள் யாராவது ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்வார்கள். அதற்கு 75,000 டாலருக்கு மேல் கேட்டிருக்க வேண்டும்.

சரி, இந்த வாரமே ஒரு டெக்சாஸ் வக்கீலைப் பிடியுங்கள். விளம்பரத்தின் நகலோடு, கார் வாங்கியவருடன் பரிமாறிய மெசேஜ்கள் அத்தனையும் கொடுங்கள், உங்களுக்குச் சாதகமில்லாதவையும் சேர்த்து.