தோட்டாவின் வேகம் – கடிதம்

ஐயா,

எடை குறைந்த தோட்டாவை அதிவேகத்தில் அனுப்பினால் பக்கக்காற்று அதைத் தள்ள அவகாசமே இருக்காது என்பது என் கணக்கு. ஆனால் அப்படிப்பட்ட தோட்டாக்களில் சில இலக்கை எட்டும் முன்பே காற்றில் காணாமல் போகின்றன என்கிறார்கள். உராய்வுச் சூட்டில் ஈயம் உருகிவிடுகிறதா?

கே.

அன்புள்ள கே,

உருகுவதில்லை, பிய்ந்து போகிறது. நொடிக்கு 1000 மீட்டரில் போகும் தோட்டாவின் மூக்கு நுனியில் அழுந்தும் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தொடும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகும்தான். ஆனால் அந்தச் சூடு செப்பு உறையைத் தாண்டி உள்ளே இறங்குவதற்குள் பயணமே முடிந்துவிடும். பிளாஸ்டிக் நுனி வைத்தவை மட்டும் தொலைதூரத்தில் அடிபடும். நுனி இளகி மழுங்கினால் காற்றுத்தடை கூடும். தோட்டா தயாரிக்கும் ஹார்னடி நிறுவனம் ரேடாரில் இதைப் பார்த்துவிட்டுத்தான் 2015இல் சூடு தாங்கும் நுனியைக் கொண்டுவந்தது.

உண்மையான எதிரி சுழற்சி. தோட்டாவைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளமான புரி, 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், அதே 1000 மீட்டர் வேகத்தில் தோட்டா நிமிடத்துக்குச் சுமார் 3,37,000 முறை சுழலும். 5.56 மி.மீ. தோட்டாவின் மேற்பரப்பில் இது புவியீர்ப்பைப் போல மூன்றரை லட்சம் மடங்குக்கு மேற்பட்ட விசை. புரி ஏற்கெனவே உறையில் கீறல் போட்டிருக்கும். மெல்லிய உறை அந்தக் கீறல்களில்தான் கிழியும். இலக்கு அட்டையில் துளை இராது, வழியில் ஒரு சாம்பல் நிறக் கோடு மட்டும் தெரியும். குழல் சொரசொரப்பாகவோ அழுக்கேறியோ இருந்தால் இன்னும் மோசம்.

காற்றுக் கணக்கிலும் ஒரு திருத்தம். விலகலைத் தீர்மானிப்பது மொத்தப் பயண நேரமல்ல. காற்றுத்தடையால் ஏற்படும் தாமதம். 300 மீட்டருக்கு, 1000 மீட்டர் வேகத் தோட்டா தடையே இல்லாவிட்டால் 0.30 நொடியில் போய்ச் சேரும். இலேசானது என்பதால் 0.38 ஆகிறது என்று வையுங்கள். தாமதம் 0.08, நொடிக்கு 4 மீட்டர் பக்கக்காற்றில் 32 செ.மீ. விலகும். கனமான, நீண்ட தோட்டா நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 0.375க்குப் பதில் 0.43 நொடி எடுத்தால் விலகல் 22 செ.மீ.தான். மெதுவாகப் போயும் குறைவாகவே விலகுகிறது! வேகத்தால் நிச்சயமாகக் கிடைக்கும் லாபம், தோட்டா கீழே இறங்குவது குறையும் என்பதே.

தோட்டா காணாமல் போனால் முதலில் குழலைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு உறை தடித்த தோட்டாவுக்கு மாறுங்கள். இலேசான தோட்டாதான் வேண்டுமென்றால் 12 அங்குலப் புரி போதும். சுழற்சி 2 லட்சத்துக்குள் அடங்கும். கனமான நீண்ட தோட்டாவை மட்டும் அந்தக் குழலில் போட்டுவிடாதீர்கள், நிலைபெறாமல் பக்கவாட்டில் போய் அட்டையில் நீளத் துளை போடும்.